கறுப்படித்த வளைவு

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், கண்ணுகளா. கால் மரத்துப்போனால் நீட்டிக்கொள்ளுங்கள், இங்கே யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இன்று நான் சொல்லப்போவது, சாலையில் போட்ட கோட்டை எடுக்கிறவர்களின் கதை. கோடு போடுகிறவனை நாலு பேர் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். எடுக்கிறவனை யார் பார்ப்பார்கள்? அவன் வேலை சுத்தமாக நடந்திருந்தால் அங்கே பார்க்க ஒன்றும் இருக்காது. கசப்பான கதைதான், கசப்பென்று தெரிந்தேதான் சொல்கிறேன். கடைசிவரை இருந்து கேளுங்கள்.

ஒரே கூரையின் கீழ் அண்ணனும் தம்பியும் இருந்தார்கள். அண்ணனுக்கு ஊர் வைத்த பெயர் டிரம். அவன் தள்ளிக்கொண்டு போகும் இயந்திரத்தின் வயிற்றில் இரும்புப் பல் பதித்த உருளை ஒன்று சுழலும். கோட்டைக் கடித்துத் துப்பிக்கொண்டே போகும். இருபது வருஷம் அந்த இரைச்சலோடு கிடந்ததில் இடது காது பாதி போய்விட்டது. அவன் தன் வீட்டில் உட்கார்ந்து உப்புப் பத்தவில்லை என்று சொன்னால் பக்கத்து வீட்டுக்காரி தன் குழம்பில் உப்பைப் போடுவாள். தம்பி அதற்கு நேர்மாறு. அவன் ஓட்டியது தண்ணீர் லாரி. லாரியில் இருக்கும் பம்பு தண்ணீரை ஊசிமுனையாக்கி அடிக்க, பெயிண்ட் மட்டும் செதில் செதிலாக உரிந்து போகும், சாலைக்கு வலிக்காது. அவன் பேச்சும் அப்படித்தான், மெல்லிசு.

அண்ணன் பெண்டாட்டியைப் பெரியவள் என்றும் தம்பி பெண்டாட்டியைச் சின்னவள் என்றும் வைத்துக்கொள்வோம். அந்த வீட்டிலும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். பெரியவள் கணவனோடு வேலைக்குப் போகிறவள். சாலையை மறிக்கக் கூம்பு மாதிரி இருக்கும் கோனை வைப்பது, வருகிற வண்டிகளைத் திருப்பி விடுவது, சுரண்டிய தூளைக் கூட்டி அள்ளுவது, இயந்திரம் எட்டாத ஓரங்களை உளியால் கொத்துவது எல்லாம் அவள் பாடு. சின்னவள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டிருந்தாள். பெரியவள் ஒரு நாள் முழுக்கப் பேசுகிற பேச்சைச் சின்னவள் ஒரு பொத்தான் தைக்கிற நேரத்தில் பேசிவிடுவாள். ஆனாலும் ஒரே அடுப்பு, ஒரே பானை. ஓரகத்திகள் பத்து வருஷம் ஒரே பானையில் ஆக்கித் தின்றார்கள் என்றால் அதுவே பெரிய விஷயம் இல்லையா?

கோட்டை எடுப்பதில் பல வழி உண்டு. சரக்குக் கிடங்கு, ஆஸ்பத்திரி நடை மாதிரி உள்தரை என்றால் மருந்து தடவி ஊறவைத்துத் தகட்டால் வழிப்பார்கள். இல்லாவிட்டால் பொடி இரும்புக் குருணையை வீசியடித்து உரிப்பார்கள். சாலை என்றால் டிரம் வைத்துச் சுரண்டுவது, தண்ணீர் அடிப்பது. தீ வைத்துப் பொசுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். எடுக்காமலே எடுத்ததாகக் காட்டுகிற வழியும் ஒன்று உண்டு. கோட்டின் மேல் கறுப்புப் பெயிண்டை அடித்துவிடுவது. உச்சி வெயிலில் நின்று பார்த்தால் தாரோடு தாராக இருக்கும். மழை பெய்து ஓய்ந்து, சாயங்கால வெயில் எதிரே அடிக்கும்போது பாருங்கள். அந்தக் கறுப்பு கண்ணாடி மாதிரி மின்னும். புதிதாகப் போட்ட வெள்ளைக் கோடு அந்தக் கண்கூச்சத்தில் மங்கிப்போகும், செத்த கோடு எழுந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் அந்தத் தொழிலில் ஒரு வழக்கம்: கோட்டை எடுத்து முடித்தால் சாயங்காலம் எதிர்வெயிலில் நின்று ஒரு தடவை, தரையை நனைத்து ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் கோனை எடுப்பார்கள்.

அன்றைக்கு அவர்கள் பார்க்கவில்லை.

ஆற்றுப் பக்கம் போகிற சாலையில் ஒரு வளைவு. அதை ஒருபுறமாக அகலப்படுத்தி, நடுக்கோட்டை நாலடி தள்ளிப் போட்டிருந்தார்கள். வளைவில் ஏறி வருகிறவர்களுக்குப் பழைய நடுக்கோடு இப்போது எதிரே வருகிறவர்கள் போகும் பாதிக்குள் கிடந்தது, அதை நம்பி ஓட்டினால் எதிர்ப்பக்கம்தான். அதைத் தண்ணீரால் எடுக்க வேண்டும் என்று உத்தரவு. தண்ணீர் லாரியோடு தம்பி வேறொரு வேலைக்குப் போயிருந்தான். டிரம் பொறுமைக்குப் பிறந்தவன் இல்லை. தன் இயந்திரத்தையே வைத்துச் சுரண்டினான். முக்கால்வாசி முடிந்தபோது உருளையின் பல்லெல்லாம் மழுங்கிவிட்டது. சரியாக வளைவில், நாற்பது தப்படி நீளத்துக்குக் கோடு மிச்சம். மறுநாள் காலை சாலையைத் திறக்க வேண்டும். வண்டியின் அடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துப் பெண்டாட்டி கையில் கொடுத்தான்.

"அடிச்சு விடு. மழைக்காலம் போகட்டும், வந்து எடுத்துக்கலாம்."

நனைத்துப் பார்க்க வேண்டாமா என்று அவள் கேட்டாள். அவன் கோனை அடுக்கிக்கொண்டே, தனக்குக் கேட்காத காதை அவள் பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் குந்தி உட்கார்ந்து அடித்தாள். அவள் கை சுத்தமான கை. பிசிறு இல்லாமல், பழைய கோட்டின் ஓரத்தை ஒரு மயிரிழை தாண்டாமல் அடித்தாள்.

மூன்றாவது வாரம் மழை பிடித்தது. நாலாம் நாள் சாயங்காலம் மழை விட்டு, மேகத்துக்கு அடியில் வெயில் எட்டிப் பார்த்த நேரத்தில் தம்பி மோட்டார் சைக்கிளில் அந்த வளைவு வழியாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். எதிரே செங்கல் லாரி. இடுப்பெலும்பு விண்டது, வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

ஆறு வாரம் கழித்து அவனைத் தூக்கிக்கொண்டு வந்து பின்னறைக் கட்டிலில் போட்டார்கள். லாரிக்காரன் எழுதிக் கொடுத்தது இதுதான்: மோட்டார் சைக்கிள்காரர் எதிர்ப்பக்கம் ஏறி வந்தார். அது உண்மைதான், ஏறித்தான் வந்தான். அந்த எழுத்து அப்படியே நின்றால் அவனுடைய கனரக வண்டி லைசென்ஸ் போகும். கால் கூடினாலும் லாரியில் ஏற முடியாது. குடித்துவிட்டு ஓட்டியவன் என்ற பெயர் வேறு கிளம்பியிருந்தது. அவனோ டீயைத் தவிர எதையும் குடித்தவனில்லை.

பெரியவள் கஞ்சி கொண்டுபோய் வைக்கும்போதெல்லாம் அவன் ஒன்றையே சொன்னான்.

"அண்ணி, நான் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் வந்தேன். எனக்குக் கோடு தெரியாதா? எத்தன கோடு எடுத்திருப்பேன்."

"தெரியும்ப்பா. குடி."

"அப்புறம் எப்படி அண்ணி எதிர்ப்பக்கம் போனேன்? எனக்கே புத்தி கெட்டுப்போச்சா?"

பழைய கோடு அங்கேயே இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை, கண்ணுகளா. எடுத்தாகிவிட்டது என்று அண்ணன் சொல்லியிருந்தான். அண்ணன் சொன்னதைவிடத் தன் கண்ணையே சந்தேகப்பட்டுக்கொண்டு அவன் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தான். பெரியவள் கஞ்சிக் கிண்ணத்தைக் கட்டிலோரம் வைத்துவிட்டு வெளியே வந்தாள். அன்று இரண்டு தடவை கணவனிடம் போய், சொல்லிவிடலாமே என்று ஆரம்பித்தாள். வாயைத் தைத்துக்கொண்டு இரு, தொழிலே போய்விடும், பிறகு எதைத் தின்பாய், என் தம்பிக்கு எதை ஊற்றுவாய் என்று அவன் அடித்துவிட்டான். அவன் அடித்தது சொல்லால்தான். ஆனால் அந்தச் சத்தத்துக்குத் தட்டு அதிர்ந்தது.

சாயம் வெளுத்தது முன்னறையில், தையல் மெஷினில்.

வேலைக்குப் போகிறவர்கள் போட்டுக்கொள்கிற பளபளக்கும் மேல்கோட்டு ஒன்று கை கிழிந்து வெகுநாளாகக் கிடந்தது. சின்னவள் அதைத் தைக்க எடுத்தாள். கைப்பட்டியில் கறுப்பாக ஏதோ திட்டுத் திட்டாகக் காய்ந்திருந்தது. பெரியவள் அரிசி களைந்துகொண்டிருந்தபோது அதைக் கொண்டுவந்து அவள் முன்னால் விரித்தாள்.

"அக்கா, இது என்ன?"

"தாரு பட்டிருக்கும்."

"தாருன்னா மண்ணெண்ணெய் தொட்டாக் கரையும். தொட்டுப் பாத்துட்டேன். இது தோலு மாதிரி உரியுது." நகத்தால் கொஞ்சம் உரித்து அரிசித் தண்ணீருக்குப் பக்கத்தில் வைத்தாள். "கோட்டை எடுக்குற வீட்டுல கறுப்புப் பெயிண்டுக்கு என்னக்கா வேலை?"

பெரியவள் அரிசியைக் களைந்துகொண்டே இருந்தாள். தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்தாள். பொய் சொல்லியிருந்தால்கூடச் சின்னவள் கொஞ்ச நேரம் நம்பியிருப்பாள். அந்தக் கை நிற்காமல் சுற்றியதைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"வளைவுலயா?"

"ம்."

"யாரு அடிச்சது?"

"நான்தான்."

சின்னவள் கத்தவில்லை. மேல்கோட்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். "பத்து வருசமா உன்னை அக்கான்னு கூப்பிட்டேன் பாரு, அந்த வாயைத்தான் மண்ணெண்ணெய் போட்டுக் கழுவணும்" என்றாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அக்கா என்ற சொல் இல்லை. நீங்கள் என்ற மரியாதையும் இல்லை. நீ, அவள், அந்தம்மா. மதியத்துக்குள் சின்னவள் பின்னறையில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பை வைத்துவிட்டாள். பெரியவள் ஆக்கிய சோறு ஆறிப்போய்ப் பானையிலேயே கிடந்தது. கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனால் வாசலில் கையை நீட்டி மறித்தாள். நீ கறுப்படித்த கையால் அவருக்கு ஊற்ற வேண்டாம் என்றாள்.

சாயங்காலம் டிரம் வந்ததும் அவனிடமும் போனாள். முறைக்கு அவள் அவன் முகத்துக்கு நேரே நின்று பேசியதே கிடையாது. அன்றைக்கு நின்றாள். கேட்காத காதை அவன் திருப்பியபோது, சுற்றி வந்து கேட்கிற காதின் பக்கம் நின்றாள்.

"பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறவங்களப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன். கோட்டைக் கோட்டாலயே மறைக்கிறவர இப்பத்தான் பாக்குறேன்."

"இந்தாம்மா, அளந்து பேசு. அவன் வேகமா வந்தான். போலீசு கேட்டப்பவே சொன்னேன், கொஞ்சம் அவசரக்காரன்னு."

"சொன்னீங்களா? நீங்களா?"

அவன் வாய் தவறி விட்டதைப் பெரியவளும் அப்போதுதான் கேட்டாள். அண்ணனே அவசரக்காரன் என்று சொன்னதை வைத்துத்தான் ஊர் குடிகாரன் என்று வளர்த்திருந்தது. பின்னறைக் கட்டில் கிறீச்சிட்டது. அங்கே படுத்திருந்தவனுக்குக் காது நன்றாகவே கேட்கும். அவன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பப் பார்த்தான், இடுப்பு விடவில்லை.

சின்னவள் சும்மா இருக்கிறவள் இல்லை. யாரையோ பிடித்து மனு எழுதிச் சாலை அலுவலகத்தில் கொடுத்தாள். வளைவை நேரில் பார்க்க இஞ்சினியர் வியாழக்கிழமை வருகிறார் என்று பதில் வந்தது. பார்த்து அவர் எழுதுவதுதான் முடிவு. கடிதத்தைச் சமையலறைச் சுவரில், பெரியவள் கண்ணில் படுகிற உயரத்தில் ஊசியால் குத்தி வைத்தாள்.

"படிக்கத் தெரியும்ல? அன்னைக்கு வந்து சொல்லு. சொல்லலைன்னா உன் கையால பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன். என் பிள்ளைகளுக்கு நீ பெரியம்மாவும் இல்ல."

டிரம்மும் அந்தக் கடிதத்தைப் படித்தான். புதன்கிழமை மதியம், சாப்பாட்டு நேரத்தில் வண்டிகள் குறைந்திருக்கும்போது, உருளைக்குப் புதுப் பல் மாட்டிப் பெரியவளையும் ஏற்றிக்கொண்டு வளைவுக்குப் போனான். கறுப்பைச் சுரண்டி எடுத்துவிட்டால் பிறகு காட்டுவதற்கு என்ன இருக்கிறது என்பது அவன் கணக்கு. வெறும் மேல்கோட்டை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்துவிடுவாள் என்றான்.

வெயில் மண்டையைப் பிளந்தது. பெரியவள் கோன் வைத்தாள், வண்டிகளைத் திருப்பினாள். இயந்திரம் உறுமிக்கொண்டு போன பாதையில் தூள் பறந்து பல்லிலும் கண்ணிமையிலும் ஒட்டியது. அவள் பின்னாலேயே கூட்டிக்கொண்டு போனாள். பாதி தூரத்தில் அவள் துடைப்பம் ஒரு விளிம்பில் தட்டி நின்றது. குனிந்து விரலை வைத்துப் பார்த்தாள்.

பள்ளம். விரல் நகம் முழுக்க இறங்குகிற பள்ளம்.

ஒரு கோட்டைச் சாலையிலிருந்து அடையாளமே தெரியாமல் எடுக்க வேண்டுமென்றால் கோட்டை மட்டும் சுரண்டக் கூடாது, கண்ணுகளா. இரண்டு பக்கமும் அகலமாக, ஓரங்களை இழைத்து இழைத்துப் பரப்பிவிட வேண்டும். அவசரத்தில் டிரம் அதை மறந்தான். மறந்தான் என்பதுகூடச் சரியில்லை. இருபது வருஷத்துக் கை, கோட்டைப் பார்த்தால் கோட்டின் மேல்தான் போகும், அரை அங்குலம் விலகாது. அவள் கறுப்பை எவ்வளவு நேராக அடித்திருந்தாளோ அவ்வளவு நேராக அவன் அதைச் சாலையில் வெட்டியிருந்தான். பெயிண்டாக இருந்ததைக் கல்வெட்டாக ஆக்கிவிட்டான்.

அவள் நிமிர்ந்து அவன் முதுகைப் பார்த்தாள். கூப்பிட்டால் நிறுத்துவான். ஓரத்தை இழைத்துவிடுங்கள் என்று சொன்னால் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவான், பிறகு எந்த இஞ்சினியர் வந்தாலும் ஒன்றும் தெரியாது. தொழில் இருக்கும், தனி அடுப்பாவது எரியும். அவள் உதட்டில் ஒட்டியிருந்த தூளை நாக்கால் தொட்டாள், துப்பினாள். பிறகு பள்ளத்தில் கிடந்த தூளை ஒரு பொட்டு விடாமல் சுத்தமாகக் கூட்டினாள்.

இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவன் உச்சி வெயிலில் நின்று பார்த்தான். சாம்பல் நிறத்தில் ஒரு தேய்ந்த பட்டை, அவ்வளவுதான். "எங்க இருக்கு கோடு? காட்டச் சொல்லு அவள" என்றான். பெரியவள் கோனை அடுக்கினாள். அன்று அவளுக்கும் காது கேட்கவில்லை.

வியாழக்கிழமை இஞ்சினியர் பதினோரு மணிக்கு வர வேண்டியவர் நாலரைக்குத்தான் வந்தார். ஏற்கெனவே நாலு சாலை பார்த்துவிட்டுப் பசியோடு வந்திருந்தார். அவரை இறக்கிவிட்டு ஜீப் டீசல் போடப் போய்விட்டது. டிரம் பெரியவளோடு தண்ணீர் லாரியில் வந்திருந்தான். வீட்டில் வேறு நல்ல வண்டி இல்லை. அதை வளைவின் மேட்டு முனையில் நிறுத்தியிருந்தான். சின்னவள் நடந்தே வந்து, சாலை ஓரத்தில் கையில் அந்த மேல்கோட்டோடு நின்றாள்.

இஞ்சினியர் வளைவை ஒரு நடை நடந்தார். பட்டையைச் செருப்பால் தேய்த்துப் பார்த்தார். எடுத்துத்தானே இருக்கிறது, பிறகு எதற்கு இந்த மனு என்றார். சின்னவள் மேல்கோட்டைக் காட்டினாள். ஒரு துணியில் பெயிண்ட் இருப்பதை வைத்து நான் என்னம்மா எழுத முடியும் என்று அலுத்துக்கொண்டார். டிரம் பணிவாகக் கையைக் கட்டி நின்றான். குரல்கூட அன்றைக்குப் பதமாக இருந்தது. தம்பி பெண்டாட்டி மனசு சரியில்லாமல் பேசுகிறது, நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது என்றான். இஞ்சினியர் பேனாவை எடுத்தார்.

சின்னவள் பெரியவளைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை அது. இப்போதும் சொல்ல மாட்டாயா, தெரியும் எனக்கு என்கிற பார்வை.

பெரியவள் லாரியை நோக்கி நடந்தாள். டிரம், ஏய் எங்கே போகிறாய் என்று கூப்பிட்டது கேட்டது. அவள் தொட்டியின் அடிக்குழாயை இரண்டு கையாலும் பிடித்துத் திருகினாள். தண்ணீர் பொத்தென்று விழுந்து, சரிவில் பரந்து, வளைவை நனைத்துக்கொண்டு கீழே ஓடியது. இஞ்சினியர் செருப்பை நனைக்காமல் துள்ளி ஒதுங்கினார்.

"என்னம்மா பண்ற?"

"கோடு எடுத்தா நனைச்சுப் பாக்கணும் சார். அதான் மொற. அன்னைக்குப் பாக்கல, இன்னைக்குப் பாருங்க. இங்கருந்து பாத்தாத் தெரியாது, வெயிலுக்கு எதிர்ல போய் நில்லுங்க."

அவருக்குக் கோபம். வேலை சொல்லிக்கொடுக்கிறாயா என்று ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்துக் கீழ்ப்பக்கத்திலிருந்து ஜீப் வந்தது. ஓட்டுநர் சங்கதி ஒன்றும் தெரியாதவர், ஒரு கையால் வாயில் எதையோ போட்டு மென்றுகொண்டு, கண்ணில் அடித்த வெயிலுக்குப் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு வளைவில் ஏறினார். ஏறியவர் மெல்ல மெல்ல எதிர்ப்பக்கத்துக்கு ஒதுங்கி, நடுச்சாலையைத் தாண்டி, நேராக இஞ்சினியரை நோக்கியே வந்தார். இஞ்சினியர் இரண்டு கையையும் தூக்கினார். ஜீப் கிறீச்சிட்டு நின்றது.

"யோவ், எங்கய்யா வர்ற? எதிர்ப்பக்கம்யா இது."

ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். "கோட்டுக்கு இந்தப் பக்கம்தான சார் வர்றேன்" என்றார்.

இஞ்சினியர் நடந்துபோய் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்று, வெயிலைப் பார்த்துத் திரும்பினார். பள்ளம் முழுக்கத் தண்ணீர் நின்று, உருக்கி ஊற்றிய வெள்ளி மாதிரி ஒரு கோடு வளைவைச் சுற்றி ஓடியது. நாலடி தள்ளிப் புதிய வெள்ளைக் கோடு கிடந்த இடத்தில் வெறும் கண்கூச்சம்.

பெரியவள் அவருக்குப் பின்னால் வந்து நின்றாள். "அன்னைக்கு இது பள்ளமா இல்ல சார், கறுப்பு. நான்தான் அடிச்சேன். இவரு நேத்துத்தான் சுரண்டுனாரு. ரெண்டும் ஒரே எடம். என் கொழுந்தன் குடிக்கிறவன் இல்ல. அவசரக்காரனும் இல்ல. அவன் இந்தக் கோட்டைப் பாத்துத்தான் வந்தான்."

இஞ்சினியர் நின்றபடியே எழுதினார். வெகுநேரம் எழுதினார். பெரியவளைக் கையெழுத்துப் போடச் சொன்னபோது அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கிப் போட்டாள்.

டிரம் அன்று கத்தவில்லை. கல்யாணமான நாளாக அவள் அவனிடம் கேட்டறியாத சின்னக் குரலில், லாரியின் கதவைத் திறந்துகொண்டே, "இனி நீ என் வண்டியில ஏறாத" என்றான்.

அவள் ஏறவில்லை. நடந்தே வீடு வந்தாள். வந்து பார்த்தால் அவள் துணிமணியெல்லாம் தகரக் கொட்டகையில் பழைய கோன்களுக்குப் பக்கத்தில் கிடந்தன. சின்னவள் பின்னறையில் கணவனிடம் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். தம்பி விசும்புகிற சத்தம் கேட்டது. அது வலியால் வந்த அழுகை இல்லை, தன் புத்தி கெடவில்லை என்று தெரிந்த அழுகை. பெரியவள் கொட்டகையில் இடம் ஒதுக்கிப் பாயை விரித்துக்கொண்டாள்.

பத்து நாளில் இரண்டு காகிதம் வந்தன. ஒன்றில் தம்பி மேல் குற்றமில்லை, லைசென்ஸ் அவனுடையதே என்று இருந்தது. இன்னொன்றில் அண்ணன் இரண்டு வருஷம் சாலைவேலை எடுக்கக் கூடாது, அதற்கு முன்னால் அந்த வளைவை முறைப்படி சரிசெய்து கொடுக்க வேண்டும் என்று இருந்தது. டிரம் இரண்டாவது காகிதத்தைத் தின்றுவிடுகிறவன் போலப் பார்த்தான். தம்பியின் அறைப்பக்கம் அவன் போகவில்லை, தம்பியும் கூப்பிடவில்லை.

சரிசெய்கிற வேலை மூன்று நாள் நடந்தது. ஆள் கிடைக்காமல் அவன் பெரியவளைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. வாயால் கூப்பிடவில்லை, கொட்டகை வாசலில் துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் போனான். அவள் எடுத்துக்கொண்டு நடந்து போனாள். தாரும் பொடிக்கல்லும் கலந்து பள்ளத்தை அடைத்தார்கள். பிறகு தண்ணீர் பம்பை வைத்துச் சாலையின் அரை அகலத்தையும் ஒரே சொரசொரப்பாக ஆக்கினார்கள். மூன்று நாளும் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டது கையால்தான்: நிறுத்து, போ, அடி.

மூன்றாம் நாள் சாயங்காலம் டிரம் குழாயைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது சின்னவள் வந்தாள். பெரியவள் அவளைப் பார்த்து எழுந்து நின்றாள்.

"உன் வார்த்தைய நம்பி நான் வரல. நானே பாக்கணும்" என்றாள் சின்னவள்.

பெரியவள் தரையை மறுபடி நனைத்தாள். சின்னவள் வெயிலுக்கு எதிர்முனைக்குப் போய்ச் சாலை ஓரத்தில் குந்தினாள். தையல்காரியின் கண் அது. நூல் ஒரு இழை பிசகினாலும் கண்டுபிடிக்கிற கண். தலையை இப்படிச் சாய்த்தும் அப்படிச் சாய்த்தும் பார்த்தாள். எழுந்து பத்தடி முன்னால் வந்து மறுபடி குந்திப் பார்த்தாள். இரண்டு சைக்கிள்களும் ஒரு வேனும் வந்து, புதுக்கோட்டுக்கு அந்தந்தப் பக்கமாகவே வளைந்து போயின. அவை போன பிறகும் பார்த்தாள். டிரம் குழாயைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டு, கேட்கிற காதை அவள் பக்கம் வைத்துக்கொண்டு நின்றான்.

"தெரியல" என்றாள் சின்னவள் கடைசியில்.

வெகுநேரம் குந்தியதில் அவளுக்குக் கால் பிடித்துக்கொண்டது. பெரியவள் கையை நீட்டினாள். சின்னவள் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. தரையில் உள்ளங்கையை ஊன்றித் தானாகவே எழுந்து, ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"சொன்னதுக்காக உனக்கு நன்றி சொல்லுவேன்னு பாக்காத. அடிச்சதும் நீதான்."

"ஆமா" என்றாள் பெரியவள்.

"அவரு உன்னைக் கேட்டுக்கிட்டே இருக்காரு. அண்ணி ஏன் வரலை, அண்ணி ஏன் வரலைன்னு. எனக்கு இஷ்டமில்ல. வந்து பாத்துட்டுப் போ. என்கிட்டப் பேசாத."

சொல்லிவிட்டு நடந்தாள். பெரியவள் துடைப்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பத்தடி இடைவெளி விட்டு அவள் பின்னால் நடந்தாள். சின்னவள் ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை, நடையை எட்டிப் போடவும் இல்லை.

அவ்வளவுதான், கண்ணுகளா. அவர்கள் வீட்டில் பிறகு என்ன ஆனது என்பது அவர்கள் பாடு. உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது இது: வெளியே போனவர்கள் போன காலோடு முழுசாகத் திரும்பி வரட்டும். உங்கள் வீட்டில் ஒருவர் சொல்வதை மற்றவர் நம்பிப் படுக்கும்படி இருக்கட்டும். பானையில் சோறு ஆறாமல், அடுப்பு இரண்டாகப் பிரியாமல், பிள்ளைகுட்டிகளோடு நீடூழி இருங்கள்.